குன்வோர் வாசலில் ஒரு பனிவரப்பு

குன்வோரைப் பற்றி நான் சொல்லப்போவதில் பாதியை நீங்கள் நம்ப மாட்டீர்கள். எந்தப் பாதி என்பதை உங்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் நம்ப முடியாததாகத் தோன்றும் பாதிதான் பெரும்பாலும் நடந்தது.

எங்கள் ரேவ்நாஸ், ஸ்வீடனின் தலைப்பக்கம், ஆறு இரண்டு தரம் வளைந்து போகிற இடத்தில் இருக்கிறது. பனி அக்டோபர் கடைசியில் வந்து உட்காரும்; மே மாதத்தில் கோபித்துக்கொண்ட விருந்தாளி மாதிரி எழுந்து போகும். நடுவிலுள்ள மாதங்களில் எங்களை உலகத்தோடு ஒட்டவைத்திருந்தது மஞ்சள் நிறத்தில் ஒரு பனி தள்ளும் வண்டியும், அதை ஓட்டிய குன்வோரும்தான். ஆள் குள்ளம். வெளியிலிருந்து பார்த்தால் ஸ்டியரிங்குக்கு மேல் கம்பளித் தொப்பி மட்டும்தான் தெரியும். ஓட்டுநர் இல்லாமல் ஒரு வண்டி தானாகப் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறது என்று தெற்கிலிருந்து வந்த சுற்றுலாக்காரர் ஒருவர் போலீசுக்குப் போன் செய்திருக்கிறார்.

ஒரு வருடம் பனி கூரை உயரத்துக்கு விழுந்தது. தபால்காரி கடிதங்களைப் புகைபோக்கி வழியாகப் போட்டுவிட்டுப் போனாள். வரி கட்டச் சொல்லும் கடிதத்தை எதிர்பார்த்தவர்கள் எல்லாம் அடுப்பை அணையவிடாமல் எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் குன்வோர் சாலையைத் தேடித் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் இறங்கிப் பார்த்தால் பின்லாந்தில் நின்றிருந்தாளாம். அங்கிருந்தவர்கள் நன்றி சொல்லி ஒரு பெரிய மீனைக் கொடுத்தனுப்பினார்களாம். பின்லாந்துக்கு நான் சாட்சி இல்லை. மீனைப் பார்த்தேன்.

மற்ற ஓட்டுநர்கள் பிளாஸ்கில் காப்பி எடுத்துப்போவார்கள். குன்வோர் எடுத்துப்போவது ரோஜாப்பழ சூப். ஆற்றங்கரைக் காட்டு ரோஜாப் புதரில் பூ உதிர்ந்தபின் சிவப்பாகத் திரளுமே, அந்தச் சின்னப் பழம். உலர்த்தி, வேகவைத்து, மசித்து, சர்க்கரை போட்டு இறக்குவோம். எங்கள் பள்ளத்தாக்கில் இறக்கிய பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும்: வேகாத உலர்பழத்தைப் பொடித்து மேலே ஒரு கைப்பிடி தூவ வேண்டும். அப்போதுதான் நாக்கு சுருளும். அந்தக் கைப்பிடி இல்லாத சூப்பை நாங்கள் தெற்கத்திச் சூப் என்போம். நாய்க்குக்கூட யோசித்துத்தான் வைப்போம். பல் முளைக்காத பிள்ளைக்கும் பல் போன கிழவருக்கும் அதுதான் காலை உணவு.

இனி பனிவரப்பு. தள்ளும் வண்டி சாலையில் போகும்போது, பனி ஓரத்துக்குச் சுருண்டு விழுந்து, ஒவ்வொரு வீட்டு வாசலையும் அடைத்து ஒரு வரப்புக் கட்டிவிட்டுப் போகும். வீட்டுக்காரர் மண்வாரியோடு வந்து அதை உடைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநரை யாரும் வாய்விட்டுத் திட்டுவதில்லை. மனதுக்குள் திட்டுவோம், அது கணக்கில் வராது. முடியாதவர்கள் வாசலில் குன்வோர் தள்ளுபலகையை லேசாகச் சாய்த்து வரப்பே விழாமல் பார்த்துக்கொள்வாள். சிக்ஸ்டென் வாசலில் மட்டும், முந்தின மூன்று வீட்டுப் பனியையும் சேர்த்துக் கொண்டுவந்து இறக்குவாள்.

சிக்ஸ்டென் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். மண் தோண்டும் இயந்திரம் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஊர்க் கூடத்தில் ஒரு நடனத்தின்போது, "உன் சாலையைவிடக் கரடி நடந்த தடம் நேரா இருக்கும், குன்வோர்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்கு வருடக்கணக்காக வரப்பு வாங்கிக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டதுமே மண்வாரியை ஊன்றிக்கொண்டு வாசலில் நிற்பார். அவள் ஹாரன் அடிப்பாள். அவர் தொப்பியைத் தூக்குவார். பனி வந்து விழும். இதைப் பார்க்க நாங்கள் காப்பிக் கோப்பையோடு ஜன்னலுக்கு வந்துவிடுவோம்.

குன்வோருக்கு அறுபத்துமூன்று வயதான வருடம், அக்டோபரில், பனிக்குச்சிகள் கோணிப்போயின.

முதல் பனிக்கு முன் சாலையின் இரு ஓரமும் செம்மஞ்சள் குச்சிகளை நட்டுவிட வேண்டும். எல்லாம் வெள்ளையான பிறகு சாலை எங்கே, பள்ளம் எங்கே என்று குச்சிதான் சொல்லும். குன்வோரின் குச்சி வரிசை நூல் பிடித்தாற்போல இருக்கும். அந்த வருடம் காலையில் எழுந்து பார்த்தால், வரிசை சாலையை விட்டு இறங்கி, சிக்ஸ்டெனின் உருளைக்கிழங்கு வயலைக் குறுக்கே கடந்து, அவருடைய கோழிக்கூட்டின் கதவில் போய் முடிந்திருந்தது. கூட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி, ஒழுங்காக. கோழிகள் சாலைப் போக்குவரத்துக்குத் தயாராக நின்றிருந்தன.

ஊர் சிரித்தது. சிக்ஸ்டென் மட்டும் சிரிக்கவில்லை. நேரே குன்வோர் வீட்டுக்குப் போனார்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகல. கொஞ்சம் தூக்கம். படி ஏறினா மூச்சு வாங்குது. வயசு."

"வயசானா குச்சி கோணாது. மூஞ்சியைப் பாத்தியா? மாவு மூட்டையில தலையை விட்ட மாதிரி இருக்கு. கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு."

"என் வரிசை கோணல்னு நீதானே சொல்லுவ? சந்தோஷப்படேன்."

"வாயை மூடிட்டுக் கோட்டைப் போடுடி!"

கடற்கரை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். ரத்தநோய் மருத்துவர் இல்வா, முப்பதுகளில் இருந்த, சீக்கிரம் பேசுகிற பெண், முடிவைச் சொல்ல உட்கார்ந்தாள். இங்கே நாங்கள் ராஜாவைத் தவிர எல்லாரையும் பேர் சொல்லி 'நீ' என்றுதான் அழைப்போம், மருத்துவரும் விலக்கல்ல.

"உன் எலும்பு மஜ்ஜையிலதான் ரத்த அணுக்கள் பிறக்குது, குன்வோர். அதுங்க வளர்ந்து ஆளாகாம பாதியிலேயே நின்னுடுது. அதான் ரத்தம் குறைவு. இப்படியே விட்டா ரத்தப் புற்றுநோயா மாறலாம்."

"ஏன் நின்னுச்சு?"

"ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் மரபணுன்னு ஒரு எழுத்து இருக்கு. உன் அணுக்கள்ல சில எழுத்து கெட்டிருக்கு, அதை நான் ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா 'வளர்ந்தது போதும், ஆளாகு'ன்னு சொல்ற எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதுமேல சின்னச் சின்ன மூடி விழுந்து, படிக்க முடியாமப் போயிருக்கு."

குன்வோர் யோசித்தாள். "அப்போ வரைபடத்துல சாலை இருக்கு. பனி மூடியிருக்கு."

இல்வா பேனாவைக் கீழே வைத்தாள். "ஆமா. கிட்டத்தட்ட அதுவேதான்."

"யாரும் தள்ளல."

"யாரும் தள்ளல."

"எவன்டா அங்க டியூட்டியில இருந்தவன்?" என்று தன் இடுப்பைப் பார்த்து அதட்டினாளாம் குன்வோர்.

மரபணுவின் எழுத்தை மாற்றாமல், எது திறந்திருக்கும் எது மூடியிருக்கும் என்று தீர்மானிக்கிற அந்த ஏற்பாட்டுக்கு எபிஜெனெட்டிக்ஸ் என்று பெயர். கண்ணின் உயிரணுவும் கல்லீரலின் உயிரணுவும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு வேறுவேறு வேலை செய்வது இதனால்தான். உள்ளூர்ச் சாலை எல்லாவற்றையும் எல்லா நாளும் திறந்து வைப்பதில்லை, இல்லையா? குளிர்காலத்தில் கோடைக்குடிசைப் பாதையை மூடிவிட்டுப் பள்ளிக்கூடப் பாதையைத் திறப்போம். குன்வோரின் மஜ்ஜையில் அது தலைகீழாகிவிட்டிருந்தது: குடிசைப் பாதை பளபளவென்று இருக்க, பள்ளிக்கூடம் புதைந்துகிடந்தது.

மருந்து உண்டு. மாதத்தில் ஒரு வாரம் வயிற்றில் ஊசி. அது எழுத்துபோல வேஷம் போட்டு அணுவுக்குள் போகும்; மூடி போடுகிற ஆளைக் கையும் களவுமாகப் பிடித்து ஒட்டவைத்துவிடும். அணு இரண்டிரண்டாகப் பிரியப் பிரிய, புது மூடி விழாது. பலன் தெரிய மாதங்கள் ஆகும். முதலில் நிலைமை இன்னும் மோசமாகும். எல்லாருக்கும் வேலை செய்யும் என்ற உறுதியும் இல்லை. இல்வா எதையும் மறைக்கவில்லை.

குன்வோர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "வண்டி?"

வண்டி நிறுவனத்தின் மருத்துவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்: ரத்தத்தில் சிவப்பு, அதாவது ஹீமோகுளோபின், எங்கள் நாட்டுக் கணக்கில் நூறைத் தாண்டி, தாண்டியபடியே நிற்கும்வரை, ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. அவளுக்கு இருந்தது எழுபது சொச்சம்.

"வீட்டுல உட்கார வைச்சா, ஜன்னலைத் தேய்ச்சுத் தேய்ச்சே ஓட்டை போட்டுடுவேன்" என்றாள் குன்வோர். விளையாட்டாகச் சொன்னதல்ல. இரண்டு கையும் மடியில், ஸ்டியரிங் பிடிக்கிற அகலத்துக்கு விரிந்திருந்தன என்று கூடப்போன சிக்ஸ்டென் பிறகு என்னிடம் சொன்னார்.

இடைக்காலத்துக்கு வண்டியை யாரிடம் கொடுத்தார்கள் என்கிறீர்கள்? பள்ளத்தாக்கில் கனரக வண்டி ஓட்டத் தெரிந்து, வேலை இல்லாமல், உடம்பில் ரத்தம் நிறைய வைத்திருந்தது ஒரே ஒரு ஆள். சிக்ஸ்டென்.

முதல் பனி விழுந்தது. குன்வோர் விடிவதற்கு முன்பே எழுந்து, மண்வாரியைக் கதவருகே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எத்தனை வருட வரப்பு, இன்று வட்டியோடு திரும்பி வரும். வண்டி வந்தது. அவள் வாசலில் வேகம் குறைந்தது. தள்ளுபலகை சாய்ந்தது. ஒரு பிடி பனிகூட விழாமல், வாசலைத் துடைத்த மேசைபோல விட்டுவிட்டு வண்டி போய்விட்டது.

குன்வோர் செருப்போடு பின்னால் ஓடினாள். பாதி தூரத்தில் மூச்சு முட்டி அஞ்சல்பெட்டியைக் கட்டிக்கொண்டாள். "டேய் சிக்ஸ்டென்! வரப்பு எங்கடா?"

அவர் ஜன்னலை இறக்கினார். "உடம்பு சரியில்லாதவளுக்கு எதுக்கு வரப்பு? போய்ப் படு."

"நான் என்ன முடியாதவளா? எனக்குச் சேர வேண்டியதை எனக்குப் போடு!"

"நூறு வரட்டும். போடறேன்."

"இப்பவே போடு!"

"நூறு!" என்று கத்திவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டு போனார்.

அந்தச் சுத்தமான வாசல் அவளை ஊசியைவிட அதிகம் குத்தியது. குளிர்காலம் முழுக்க வீட்டைக் கடந்து போகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். ரேவ்நாஸில் வரப்பு விழாத வாசலுக்கு ஒரே அர்த்தம்தான்.

டிசம்பரில் ஊசி தொடங்கியது. ஊசி போட்ட இடமெல்லாம் சிவந்து தடித்தது, "என் வயித்தைப் பாத்தா கஞ்சியில செம்பெர்ரி போட்ட மாதிரி இருக்கு, யாருக்காவது பசிக்குதா?" என்று காட்டிக்கொண்டு திரிந்தாள். சிவப்பு இன்னும் இறங்கியது. அடிக்கடி வேறு யாரோ தானம் கொடுத்த ரத்தம் ஏற்றினார்கள். ஒவ்வொரு பைக்கும் அவள் ஒரு சொந்தக்காரரைக் கற்பித்துவிடுவாள். "இந்த வாரத்து ஆள் நடனக்காரன். கால் தானா ஆடுது." இன்னொரு வாரம்: "இது யாரோ பாதிரியார். ரெண்டு நாளா ஒரு கெட்ட வார்த்தை வர மாட்டேங்குது, செத்தேன்."

அதே சமயத்தில் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஊசி, புதிதாக மூடி விழாமல் பார்க்கும். ஏற்கெனவே விழுந்த மூடியைக் கழற்ற உடம்பிலேயே ஓர் ஆள் உண்டு. அந்த ஆளுக்கு வேலை செய்ய வைட்டமின் சி வேண்டும். இந்த நோய்க்காரர்களுக்குப் பெரும்பாலும் அது குறைவு. ஆகவே ஊசியோடு தினமும் மாத்திரையாகக் கொடுத்தால் பலன் கூடுமா? பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிற இல்வாவுக்கே தெரியாது. முடிவு வரும்வரை யாருக்கும் தெரியாது.

"கொடுக்குற உனக்கே தெரியாதா?" குன்வோர் கண்ணை விரித்தாள். "எங்க ஊர்ல அதுக்குப் பேரு குருட்டாட்டம்."

"எங்க ஊர்லயும் அதேதான், 'இரட்டைக் குருட்டுச் சோதனை'ன்னு" என்றாள் இல்வா. "ஒரே ஒரு நிபந்தனை. வெளியிலிருந்து வைட்டமின் சி சேர்க்கக்கூடாது. மாத்திரை, பழம், பழச்சாறு, எதுவும் அளவுக்கு மேல வேண்டாம். எல்லாம் ஒழுங்கா இருந்தாத்தான் தொடர முடியும்."

'தொடர முடியும்' என்ற சொல்லைக் குன்வோர் ஊசியோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். ஒழுங்கு தவறினால் ஊசியும் நின்றுவிடும். ஊசி நின்றால் நூறு வராது. நூறு வராவிட்டால் வண்டி வராது. இப்படித்தான் அவள் எண்ணினாள், யாரிடமும் கேட்கவில்லை.

ஆகவே ஒழுங்கு என்றால் அப்படியொரு ஒழுங்கு. கிறிஸ்துமஸ் ஆரஞ்சை வீட்டுக்குள் விடவில்லை. மீன் மேல் வைத்திருந்த எலுமிச்சைத் துண்டை இடுக்கியால் எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தாள். உருளைக்கிழங்கில்கூடக் கொஞ்சம் இருக்கிறது என்று எங்கோ கேள்விப்பட்டு அதையும் நிறுத்தினாள். முட்டைக்கோசைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போனாள். ஒருநாள் என் வீட்டில், சுவரில் மாட்டியிருந்த பழக்கூடை ஓவியத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"படம்தானே, குன்வோர்."

"எதுக்கு வம்பு?"

ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் என்ன குடித்தாள் என்கிறீர்கள்? ரோஜாப்பழ சூப். இரண்டு கிண்ணம். மேலே ஒரு கைப்பிடி பொடியைத் தூவிக் கொடுத்தது நான்தான். எனக்கும் உறைக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததிலிருந்து வீட்டுக்கு ஒரு பானையாகச் சூப் போய்க்கொண்டிருந்தது. காற்றைச் சுவாசிக்கிறாயா என்று கேட்டால் யாராவது யோசிப்பார்களா? சூப் எங்களுக்கு அப்படி.

ஜனவரியில் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு இல்வா போன் செய்தாள்.

"குன்வோர், நான் நேராக் கேக்குறேன். மாத்திரையை எண்ணி விழுங்குறியா, இல்ல கைநிறைய அள்ளிப் போடுறியா?"

"ஒண்ணு. சொன்னபடி ஒண்ணு."

"உன் ரத்தத்துல வைட்டமின் சி எவ்வளவு இருக்கு தெரியுமா? கருவி பழுதுன்னு நினைச்சு ரெண்டு தரம் ஓட்டிப் பாத்தேன். பழம்?"

"பழத்தைப் பாத்தே மாசமாச்சு."

"சாறு?"

"தண்ணியைக்கூடச் சந்தேகப்பட்டுத்தான் குடிக்கிறேன்!"

"உங்க பள்ளத்தாக்குல இருந்து இன்னும் ரெண்டு பேர் இந்த ஆராய்ச்சியில இருக்காங்க. அவங்களுக்கும் இதே கதை. மூணு பேரும் சேர்ந்து எங்கயாவது கடத்தல் பண்றீங்களா? இது சரியாகலைன்னா உன்னை எடுத்துட வேண்டி வரும்."

போனை வைத்த குன்வோர் நாற்காலியில் அமர்ந்தாள். மாலையில் சிக்ஸ்டென் எட்டிப் பார்த்தபோது, "என்னைத் தூக்கிடுவாங்கடா. செய்யாத தப்புக்கு" என்றாள்.

"எதையோ திங்குற. யோசி."

"ரொட்டி, மீன், கஞ்சி, காப்பி. காப்பியில சீஸ்."

"சீஸா இருக்குமோ?"

அன்றிலிருந்து சீஸையும் விட்டாள். எங்கள் ஊரில் ஒரு மனுஷி காப்பியில் சீஸ் போடாமல் குடிக்கிறாள் என்றால் அது கடைசிக் கட்டம். ஊர் பயந்துபோனது. பயந்துபோய், இன்னும் நிறைய சூப் அனுப்பியது.

பிப்ரவரியில், பக்கத்து ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு வந்த இல்வா, நேரில் பார்த்துவிடுவது என்று ரேவ்நாஸுக்குக் காரைத் திருப்பினாள். மதியம்தான், ஆனால் பனி படுக்கை விரிப்பு உதறுகிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது. ஆற்று வளைவில் கார் சறுக்கி, மூக்கைப் பள்ளத்தில் வைத்துக்கொண்டு நின்றது. அந்த வழியாக வந்த சிக்ஸ்டென் அவளை வண்டிக்குள் ஏற்றிக்கொண்டார். குளிரில் பல் தந்தியடித்தது அவளுக்கு.

"பிளாஸ்க் இருக்கு, எடுத்துக் குடி" என்றார்.

இல்வா தெற்கத்திப் பெண். கடையில் பாக்கெட்டில் வரும் ரோஜாப்பழ சூப்பைக் குழந்தையில் குடித்திருக்கிறாள். ஒரு வாய் வைத்தாள். நாக்கு சுருண்டது. காது சிவந்தது. கண்ணில் நீர் வந்தது.

"என்ன இது?"

"சூப்."

"இவ்வளவு புளிப்பா?"

"வேகாத பொடி ஒரு கைப்பிடி, கடைசியில. அது குன்வோரோட பிளாஸ்க். வண்டியோடயே இருக்கும். நான் ரொப்பி ரொப்பிக் குடிக்கிறேன். அவ வீட்டுல தனியாக் குடிக்கிறா."

"எவ்வளவு குடிக்கிறா?"

சிக்ஸ்டென் நேர்மையான மனிதர். கொஞ்சம் கணக்குப் போட்டார். "பானைக் கணக்கா, வாளிக் கணக்கா?"

இல்வா சிரிக்க ஆரம்பித்தாள். வண்டி குன்வோர் வாசலில் நிற்கும்வரை நிறுத்தவில்லை. சமையலறைக்குள் வந்தால், அடுப்பில் மூன்று பானை, மேசையில் இரண்டு, ஜன்னல் விளிம்பில் ஒரு கூஜா, நடுவில் கையில் கிண்ணத்தோடு குன்வோர். இல்வாவைக் கண்டதும் பயந்து எழுந்துவிட்டாள். பக்கத்தில் கரண்டியோடு நானும் இருந்தேன்.

"இல்வா! சத்தியமா ஒரு பழம் தொடல. சீஸைக்கூட விட்டுட்டேன்."

"உன் கையில இருக்கிறது என்ன?"

"சூப்பு."

"எதுல செஞ்சது?"

குன்வோர் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ரோஜாப்பழத்துல வைட்டமின் சி எவ்வளவுன்னு தெரியுமா? ஆரஞ்சை அது கக்கத்துல வைச்சுக்கும்!" இல்வா நாற்காலியில் விழுந்தாள். "அந்த ரெண்டு பேரும் இதையேதான் குடிக்கிறாங்களா?"

"இதைக் குடிக்காம என்னத்தைக் குடிப்பாங்க?" என்றார் சிக்ஸ்டென். ஊர் மானம் போகிறதே என்ற குரல்.

"பழம் சாப்பிடுறியான்னு நான் கேட்டேனே, குன்வோர்!"

"பழத்தை யாரு சாப்பிட்டா? கொட்டையில முடி முடியா இருக்கும், வாயில வைச்சா அரிக்கும். நாங்க சூப்புதானே குடிக்கிறோம்."

இல்வா மறுபடி சிரித்தாள். குன்வோர் சிரிக்கவில்லை. கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.

"அப்போ எடுத்துடுவ."

"ஆராய்ச்சியில இருந்து எடுத்துத்தான் ஆகணும். மூணு பேரையும். உங்களை வைச்சு நான் என்ன தெரிஞ்சுக்க முடியும்? மாவு மாத்திரை ஆளுங்களும் சூப்புல மிதக்குறாங்க."

"ஊசியையும் நிறுத்திடுவ."

"ஊசியை ஏன் நிறுத்தணும்?"

"ஒழுங்கா இருந்தாத்தான் தொடரலாம்னியே."

இல்வா அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். எழுந்து அருகில் வந்தாள். "ஐயோ, குன்வோர். ஊசி உன் வைத்தியம். அது உனக்குத்தான், யாரும் எடுக்க முடியாது. மாத்திரை மட்டும்தான் ஆராய்ச்சி. ரெண்டு மாசமா இதை நினைச்சுத்தானா உருளைக்கிழங்கை விட்ட?"

"முட்டைக்கோசையும்" என்றேன் நான்.

"ஓவியத்தையும்" என்றாள் குன்வோர். அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு. பானை மூடிகள் கிடுகிடுத்தன. கூரையிலிருந்த பனி மொத்தமும் ஒரே வீச்சில் சரிந்து, வெளியே நின்ற சிக்ஸ்டெனின் வண்டியை மூடிவிட்டது. மூடியதா இல்லையா என்று சிக்ஸ்டெனைக் கேளுங்கள். வெட்டி எடுத்தது அவர்தான்.

போகும்முன் குன்வோர் கேட்டாள்: "இல்வா, உண்மையைச் சொல்லு. இந்தச் சூப்பு எனக்கு நல்லது பண்ணுதா?"

"தெரியாது."

"உனக்கு எதுதான் தெரியும்?"

"ஒரு ஆளை வைச்சுச் சொல்ல முடியாதுங்கிறது தெரியும். அதுக்குத்தான் இவ்வளவு பேர், இவ்வளவு மாவு மாத்திரை. நீ குணமானா சூப்புன்னு ஊர் சொல்லும், நான் ஊசின்னு சொல்லுவேன், ரெண்டும் தப்பா இருக்கலாம்." பானையைப் பார்த்து, "எனக்கும் ஒரு கிண்ணம் கிடைக்குமா?" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த ஆராய்ச்சியில் சேர்கிற ஒவ்வொருவரிடமும் சூப்பைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி கேட்கிறார்களாம். உலக அறிவியலுக்கு ரேவ்நாஸின் பங்கு அது.

மார்ச்சில் எண்பது தாண்டியது. ரத்தப் பைகளின் இடைவெளி நீண்டது. நடனக்காரன், பாதிரியார் எல்லாம் ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். ஒரு நாள் அவள் படியேறி என் வீட்டு மாடிக்கு வந்து, மூச்சு வாங்காமல் ஒரு முழுப் பாட்டைப் பாடினாள். பாட்டு எனக்குப் பிடிக்காதது. முழுக்கக் கேட்டேன்.

ஏப்ரலில், ஆற்றுப் பனி விரிசல் விட ஆரம்பித்த சமயம், இல்வா போன் செய்தாள். நூற்றுநான்கு. போன தடவை நூற்றொன்று, இப்போதும் நிற்கிறது. மஜ்ஜையிலும் அணுக்கள் வளர்ந்து ஆளாகின்றன.

"ஆனா கேளு. இது குணம் இல்ல. ஊசியை நிறுத்தினா மூடி திரும்ப விழும். மாசாமாசம் தொடரணும். எவ்வளவு காலம் வேலை செய்யும்னு என்னால சொல்ல முடியாது. ஏமாத்தமா இருக்கா?"

"ஏமாத்தமா?" குன்வோருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "இல்வா, ஒரு தடவை தள்ளிட்டா சாலை முடிஞ்சுதுன்னு எந்த மடையன் உனக்குச் சொன்னான்? விழும், தள்ளுவோம். மறுபடி விழும். என் பிழைப்பே அதுதானே!"

வண்டி நிறுவனத்தின் மருத்துவர் கையெழுத்திட்டார். ஊசி வாரங்களில் சிக்ஸ்டென், மற்ற வாரங்களில் குன்வோர். திங்கட்கிழமையிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை, இனிமேல் வராது என்று நினைத்த பனி, வருடத்தின் கடைசிப் பனி, முழங்கால் உயரத்துக்கு வந்து இறங்கியது. அன்று காலை முறை சிக்ஸ்டெனுடையது.

நாங்கள் எல்லாரும் ஜன்னலில் இருந்தோம். வண்டி ஆற்று வளைவில் திரும்பியது. மூன்று வீட்டு வாசலில் தள்ளுபலகையைச் சாய்த்து, பனியைச் சேர்த்துக்கொண்டே வந்தார். நான்காவது வாசல் குன்வோருடையது. அங்கே வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஹாரன் நீளமாக முழங்கியது; ஆளுயர வரப்பு ஒன்று, அஞ்சல்பெட்டியையும் விழுங்கிக்கொண்டு, அவள் வாசலில் சரிந்து உட்கார்ந்தது.

கதவு திறந்தது. இரவு உடையில், முழங்கால் வரை பூட்ஸ், தலையில் கம்பளித் தொப்பி, கையில் மண்வாரி.

"டேய்! இது ஒரு வரப்பா? கோழி கிளறினாகூட இதைவிட உயரமாக் கிளறும்! நாளைக்கு உன் வாசல்ல பாருடா, கூரை தெரியாது!"

சிக்ஸ்டென் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியே தொப்பியைத் தூக்கினார். குன்வோர் மண்வாரியை ஓங்கி வரப்பில் பாய்ச்சினாள். முதல் அள்ளு பனி தெருவைத் தாண்டி வந்து என் ஜன்னலில் சொத்தென்று விழுந்தது.